டிக்கெட் இல்லாத இடங்கள்

வாழ்நாள் பூராவும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவனிடம் வந்து, "அப்பா, இந்த இடத்துக்கெல்லாம் டிக்கெட்டே கிடையாதாம், சும்மா உள்ள போகலாமாம்" என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? எவனோ எவனையோ ஏமாற்றுகிறான் என்றுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை விட்ட சமயம் அது. மகள் மருந்துக் கம்பெனியில் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை செய்கிறாள். பெட்டியில் ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கிற மாத்திரையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மருமகனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. வருகிற லாரியையும் போகிற லாரியையும் சோதித்து அனுப்புவான். சந்தேகப்படுவது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிழைப்பு.

பேத்தி ஒன்றாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்வாள் என்பதால் வக்கீல் என்று கூப்பிடுவோம். பேரன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. நடப்பதைவிட உருள்வதுதான் அதிகம், அதனால் உருளை. இந்த இரண்டையும் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

விடுமுறை தொடங்குவதற்கு முன்பே மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வீட்டுக்குள்ளயே அடைச்சு டிவியைப் போட்டு உக்கார வைக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்கப்பா. எங்க ஆபீஸ் கட்டடத்துலயே காப்பகம் இருக்கு, அங்க விட்டுடறேன். வெளிய கூட்டிட்டுப் போறதா இருந்தா உங்ககிட்ட இருக்கட்டும். ஆனா ஏதாவது ஒரு தப்பு நடந்துச்சுன்னு வைங்க, மறுநாளே காப்பகம்தான்."

அந்தக் காப்பகத்தை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி. ஜன்னல் மட்டும் என் தாடை உயரத்தில். மதியம் தூக்கம் வருகிறதோ இல்லையோ எல்லாக் குழந்தையும் பாயில் படுத்தே ஆக வேண்டும். மகள் வேலை முடிந்து திரும்பக் கூட்டிவருவதற்குள் உருளை தூங்கிப்போவான். விடிந்ததும் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுவாள். நான் அந்தப் பிள்ளையை முழித்த முகத்தோடு பார்ப்பதே அரிதாகிவிடும். அப்புறம் இந்த வீட்டில் நான் எதற்கு? கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்த குடை மாதிரி கிடக்க வேண்டியதுதான்.

"எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மகள் வேலைக்குப் போகிற வழியிலேயே என் ஃபோனுக்குக் குரல்பதிவாகப் பேசி அனுப்புவாள். "அப்பா, இன்னைக்கு வண்ணமீன் கடை. பிள்ளைங்க சும்மா பாக்கலாம்." எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. பக்கத்துத் தெருவில் தையல்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதவள் இவள். ஊரில் இருக்கிற ஓசி இடமெல்லாம் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

மீன்கடைக்காரன் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பாக்கறதுக்கு எவ்வளவு?" என்றேன்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே. சும்மா பாருங்க."

"சும்மா எதுக்குப்பா காட்டறே?"

"நீங்க பாக்கலைன்னாலும் அது நீந்தத்தான் போவுது."

அந்தப் பேச்சில் நான் மயங்கவில்லை. உருளை தொட்டியில் வாயை ஒட்டவைத்து மீனோடு மீனாகக் கொட்டாவி விட்டான். கிளம்பும்போது மீன் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதான். இதோ வந்துவிட்டது, இதற்குத்தானே காத்திருந்தான் என்று கடைக்காரனைப் பார்த்தேன். அவனோ குனிந்து, "தம்பி, மீனுக்குத் தூக்கம் வந்துருச்சு. நாளைக்கு வா, முழிச்சிருக்கும்" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தான். விற்க வந்த இடத்தில் விற்காமல் அனுப்புகிற வியாபாரியை நான் அதுவரை கண்டதில்லை. வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்தது தீயணைப்பு நிலையம். வேலை இல்லாத நேரத்தில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி உட்காரவைக்கிறார்கள். வக்கீல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, "நெருப்பு இல்லாதப்ப உங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். அந்த மனிதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த வேப்பமரத்தடி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் அகலமான துணித்தொப்பி. கூடப் பிள்ளை யாரும் இல்லை.

என் தொழிலில் முகத்தைப் பார்க்கமாட்டோம். டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பழக்கி வைத்திருப்பான். ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்ப்பான், கொட்டாவி விடுவான். காலைப் பழக்க எவனுக்கும் தோன்றாது. அது இறங்குகிற படியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இவள் முகம் சாலைப்பக்கம் இருந்தது, கால் இரண்டும் எங்களைப் பார்த்து இருந்தன. இடது செருப்பின் குதி தேய்ந்து சாய்ந்திருந்தது. நாங்கள் எழுந்தோம். அவளும் எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து நூலகம். அங்கே பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறார்கள், அதுவும் சும்மாதான். உள்ளே நுழைந்ததும் செய்தித்தாள் வாசிக்கிற மேசைக்கு அடியில் முதலில் பார்த்தேன். அதே சாய்ந்த குதி. செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கரடிக்கதை முடிந்து முயல்கதை முடிகிறவரை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

உருளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் கூடுகிற இடமாகப் பார்த்துப் பிள்ளை இல்லாமல் வந்து உட்காருகிறவள் எதற்கு வருவாள்? சும்மா இடத்துக்கு எல்லாரும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்கு அப்போது விளங்கிவிட்டது. கூட்டம் சேர்ந்தால்தானே பிள்ளை பிடிக்க வசதி.

வக்கீலின் காதோரம் குனிந்து, "அந்தத் தொப்பிக்காரியை முன்ன எங்கயாவது பாத்திருக்கியா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாத்தா, நீ ஏன் மத்தவங்களையே பாத்துட்டிருக்க? கதையைக் கேளு."

மகளிடம் சொன்னால் வெளியே போவதையே நிறுத்திவிடுவாள், அடுத்தது காப்பகம். போலீசுக்குப் போனால் தொப்பி போட்டது குற்றமா என்று என்னைக் கேட்பார்கள். யாரிடமும் சொல்ல முடியாது. நானே பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செக்கர் வேலையில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு. வருவோம் என்று அவர்கள் நினைக்கிற நிறுத்தத்தில் ஏறக்கூடாது.

மறுநாள் காலையில் மகள், "இன்னைக்கு ரயில் மேம்பாலம். மேல நின்னா சரக்கு ரயில் எல்லாம் தெரியும், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்று பேசி அனுப்பினாள். "சரிம்மா, பாலத்துக்கே போறோம்" என்றேன். பஸ் ஏறியதும் ஃபோனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். இந்தக் கருவி பேசாமல் இருக்கும்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று மருமகனே சொல்லியிருக்கிறான். பாலத்துக்கு முன்பாகவே, பெரிய மரச்சாமான் கடை இருக்கிற நிறுத்தத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தொப்பிக்காரி இங்கேயும் வந்தால் எங்கள் பின்னாலேயே வருகிறாள் என்று அர்த்தம். வராவிட்டால், எங்கே போகிறோம் என்று யாரோ அவளுக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

"தாத்தா, இது பாலம் இல்லயே" என்றாள் வக்கீல்.

"பாலம் எங்கயும் ஓடிப்போகாது. வா."

"அம்மாகிட்ட பாலம்னு சொன்னயே?"

"வாயை மூடிட்டு வா."

வாசலில் டை கட்டிய ஒரு பையன் ஓடிவந்து, "வாங்க சார், உக்காருங்க சார், சும்மா பாருங்க சார்" என்றான். உட்கார்ந்தால் வாங்கியாக வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே படுக்கையறை, சமையலறை, படிக்கிற அறை என்று வரிசையாக ஜோடித்து வைத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் இல்லை. அலமாரியில் இருந்த புத்தகங்கள் வெறும் அட்டை. தட்டிப் பார்த்தேன், டொக்கென்றது.

"இந்த வீட்ல யாரும் இல்லயா தாத்தா?"

"இருந்தா நம்மை உள்ள விடுவாங்களா?"

வக்கீல் ஒவ்வொரு சமையலறையிலும் நின்று எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நானும் குடித்ததாக வாயைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பார்த்தேன். சாய்ந்த குதி வரவில்லை. அப்படியானால் ஆள் காட்டிக்கொடுக்கிறவர் யாரோ இருக்கிறார்.

அதற்குள் உருளை ஒரு பெரிய கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டான். எழுப்பிப் பார்த்தேன், கல்லாகக் கிடந்தான். டை கட்டிய பையன் வந்து, "தூங்கட்டும் சார், மெத்தை நல்லா இருக்குன்னு தெரியுது பாருங்க" என்றான். எச்சில் வடித்து மெத்தையை நனைத்தால் என் தலையில் கட்டுவான் என்று பயந்து, பையன் வாய்க்கு அடியில் என் துண்டை மடித்து வைத்தேன். அவன் முழித்து, மூவரும் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, முகமெல்லாம் வீங்கியிருந்தது. என் நாற்காலியில் தொப்பிக்காரி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில், "பிடிச்சுட்டியா இவளை! எங்கம்மா பிடிச்சே? கதவைச் சாத்து, ஓடிடப் போறா!" என்று கத்தினேன்.

மகள் என்னைத் தாண்டி ஓடிப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். உருளையின் கை காலையெல்லாம் தடவிப் பார்த்தாள். கிடங்கிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு மருமகன் பாலத்தடியில் தேடிக்கொண்டிருக்கிறான் என்பதை அவள் ஃபோனில் அவனிடம் அழுதுகொண்டே பேசியபோதுதான் தெரிந்துகொண்டேன். "வந்துட்டாங்க. ஆமா, மூணு பேரும்தான். நீங்க வாங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா போனீங்க? ஃபோனை ஏன் அணைச்சீங்க? இவங்க பாலத்துல நின்னு நின்னு பாத்துட்டு எனக்குச் சொன்னாங்க. தண்டவாளத்துல போய்ப் பாருங்கன்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதை என் வாயால சொல்ல வச்சுட்டீங்க."

"இவ யாரு பாலத்துல நிக்க?"

"ஸ்கூல் வேன் ஆயா தாத்தா" என்றாள் வக்கீல். "எனக்கு மொத நாளே தெரியும். சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

தினமும் வேன் வந்து நிற்கும், உள்ளே இருக்கிறவள் முகத்தை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. நான் நாற்காலியைத் தேடினேன். அதில்தான் அவள் இருந்தாளே. கட்டிலில் உட்கார்ந்தேன்.

மகள் மறைக்காமல் சொன்னாள். விடுமுறையில் வேன் ஓடாது, ஆயாவுக்கும் வேலை இல்லை. வேன் பிள்ளைகளோடு சுற்றியதில் ஊரில் எது சும்மா, எது மலிவு என்று அவளுக்கு அத்துப்படி. தினமும் இடத்தைச் சொன்னவள் அவள்தான். எட்ட இருந்து என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது மகள்.

"பிள்ளைங்களைப் பாக்கறதுக்கா?"

"உங்களைப் பாக்கறதுக்கு."

எத்தனை பஸ்ஸில் எத்தனை பேர் காலைப் பார்த்திருப்பேன். என் காலை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"என்னைப் பாக்க என்ன இருக்கு? நான் என்ன குடிகாரனா?"

"கொஞ்ச நாளா டம்ளருக்கு வெளிய ஊத்தறீங்கப்பா. சட்டைப் பொத்தானை மாத்திப் போடறீங்க. கேட்டா வெளிச்சம் பத்தலைங்கறீங்க. ரோடு எப்படித் தாண்டறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாத்தான் தாண்டறேன். கேளு இவகிட்ட."

தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். நரைத்த தலை, என்னைவிடக் கொஞ்சம்தான் சின்னவள். "நூலகத்து வாசல்ல சிவப்பு விளக்குல இறங்கிட்டீங்க பெரியவரே. டெம்போக்காரன் பிரேக்கைப் போட்டான். எனக்கு உயிர் போயி வந்துச்சு."

"பொய். அன்னைக்குப் பச்சை."

நான் வக்கீலைப் பார்த்தேன். அவள் யாருக்காகவும் சாட்சி மாற்றமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

"சிவப்புதான் தாத்தா. நான்தானே உன் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். ஏன்டி இழுக்கறேன்னு திட்டினயே."

இழுத்தது ஞாபகம் இருந்தது. ஐஸ் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். உருளை அப்போது என் இடுப்பில் இருந்தான்.

மகள் அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அதில் உருளையின் மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில், வக்கீலின் வண்ணப் பென்சில் என்று அடுக்கினாள். "நாளையிலேருந்து காப்பகம்."

ஆயா எழுந்தாள். போகிறவள் போகாமல் வாசலில் நின்று, "நான் சொல்றதுக்கு உரிமை இல்லம்மா, ஆனாலும் சொல்றேன்" என்றாள். "போன இடமெல்லாம் கக்கூஸ் கதவை மொதல்ல இவர் திறந்து பாத்துட்டுத்தான் புள்ளையை உள்ள விட்டாரு. தீயணைப்பு வண்டியில ஏத்தறதுக்கு முன்னால சாவி கழட்டியிருக்கான்னு கேட்டாரு. அந்த மீன்காரர் இவர் கேட்ட கேள்வியில கடையை மூடிட்டு ஓடாம இருந்ததே பெருசு. இப்படிப் பாக்கற ஆளு காப்பகத்துல கிடைக்காது. மனுஷன் சரியாத்தான் இருக்காரு. கண்ணு ரெண்டும்தான் சரியில்ல."

எனக்காகப் பேசுகிறாளா, காலை வாருகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "உன் சிபாரிசு எனக்கு வேண்டாம்மா" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் எழுந்தபோது பை வாசலில் தயாராக இருந்தது. மகள் பேசி அனுப்பவில்லை. நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு இடம் இருக்கு. ஊஞ்சல் இருக்கு, முயல் கூண்டு இருக்கு. சும்மா போகலாம்."

"எந்த இடம்?"

"கண் ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரியில முயல் எதுக்கு?"

"வர்றவங்களோட பிள்ளைங்க அழாம இருக்க. நீங்க போய்க் கண்ணைக் காட்டுங்க. என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க. நீங்க ஒத்துக்கிட்டா பிள்ளைங்க உங்ககிட்டயே இருக்கட்டும். ரோடு தாண்ட மட்டும் ஆயா கூட வரட்டும், மறைஞ்சு இல்ல, பக்கத்துல. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் பையைத் தூக்கறேன்."

பொறி என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே முயலை வைத்துக் கட்டிய பொறி. "சும்மா பாக்கறவன் கண்ணைச் சும்மா விடுவானா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உருளை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, "மொயலு, மொயலு" என்று கதவை உதைத்துக்கொண்டிருந்தான்.

போனோம். ஆயா பக்கத்திலேயே வந்தாள். சாலை தாண்டும்போது என் கையைப் பிடிக்க வந்தாள், நான் உதறினேன். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டாள். நான் வக்கீலின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அது வேறு.

ஆஸ்பத்திரியில் எல்லாரையும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். டாக்டர் பொண்ணு சின்ன வயது. கருவியைக் காட்டி, "தாடையை இதுல வைங்க தாத்தா, கண்ணுல மருந்து விடணும். கொஞ்ச நேரம் பார்வை மங்கும்" என்றாள்.

"இரும்மா. என் பிள்ளைங்க வெளிய இருக்கு. பாத்துட்டு வரேன்."

ஜன்னலருகே போய் நின்றேன். புல்வெளி, ஊஞ்சல், அதன் பக்கத்தில் தொப்பி. ஆள் அசையாமல் ஊஞ்சலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பரவாயில்லை, சொன்ன இடத்தில் நிற்கிறாள் என்று கொஞ்சம் நிம்மதியானது. இருந்தாலும் விட மனசில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவளையே கண்காணித்தேன்.

"பெரியவரே, இவனுக்குத் தண்ணி வேணுமாம். பாட்டில் உங்க பையில இருக்கா?"

குரல் எனக்குப் பின்னால் கேட்டது. திரும்பினேன். ஆயா நின்றுகொண்டிருந்தாள், தலையில் தொப்பி, இடுப்பில் உருளை. வக்கீல் என் பக்கத்தில் வந்து எக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"தாத்தா, அந்தப் பூந்தொட்டியை எதுக்கு இவ்வளவு நேரமாப் பாக்கற?"

பாட்டிலை எடுத்து ஆயாவிடம் கொடுத்தேன். "வெயில்ல ரொம்ப நேரம் ஆட விடாதே. கூண்டுக்குள்ள விரலை விடுவான், கையைப் பிடிச்சுக்கோ" என்றேன். பிறகு திரும்பிப் போய், அந்தப் பொண்ணு காட்டிய இடத்தில் தாடையை வைத்தேன்.